தூங்கும் எலி நலமாக இருக்கிறதா?

கேட்டவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில், அதாவது ஐ.ஏ.இ.சி.யில், அறிவியல் துறை சாராத சமூக உறுப்பினராக அவரைப் போட்டிருக்கிறார்கள். கேள்வி இது: "போன வாரம் சோதனை எலிகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸைச் சுற்றிக் காட்டினார்கள். வெப்பநிலை 22 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம், கூண்டெல்லாம் பளிச்சென்று இருந்தது. எலிகள் மூலையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. 'பாருங்கள் மேடம், எல்லாம் நன்றாக இருக்கின்றன' என்றார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு உங்களுக்கு அறையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். எலியைக் காட்டவில்லை. நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், மாணவர் விடுதிகளைப் பார்வையிட்டிருப்பீர்கள். கட்டில், மின்விசிறி, சாப்பாட்டுப் பட்டியல், கழிப்பறை எல்லாம் காட்டுவார்கள். எல்லாம் சரியாகவே இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி தலையணைக்குள் அழுகிறதா என்பது அந்தப் பட்டியலில் வராது. அனிமல் ஹவுஸிலும் இதே கதைதான். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், கூண்டின் அளவு எல்லாம் நாம் விலங்குக்குக் கொடுப்பவை. அதை வாங்கிக்கொண்டு அது எப்படி இருக்கிறது என்பதை அதன் உடம்பிலும் நடத்தையிலும்தான் பார்க்க முடியும். கால்நடை மருத்துவனாக இருபது வருடத்துக்கு மேல் அனிமல் ஹவுஸ்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலாவதை அளப்பது சுலபம் என்பதாலேயே எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த 22 டிகிரியையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வழிகாட்டுதல்படி அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்கலாம், ஆகவே 22-இல் தவறில்லை. மேலங்கி, கையுறை, முகக்கவசம் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் ஆளுக்கு 22 சுகமான குளிர்ச்சி. ஆனால் 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு, உடம்புச் சூட்டைக் காப்பாற்ற மெனக்கெடாமல் இருக்க, 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. அது சின்ன உடம்பு, சூடு சீக்கிரம் இறங்கிவிடும். ஆக அந்த அறையில் எலி குளிரில்தான் இருக்கிறது. இதனால் எலிக்கு மட்டும்தான் கஷ்டம் என்றில்லை. 22 டிகிரியில் வைத்த சுண்டெலிகளில் புற்றுக்கட்டி, 30 டிகிரியில் வைத்தவற்றைவிட வேகமாக வளர்ந்ததை 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு காட்டியது. குளிரை மறந்துவிட்டு மருந்தைச் சோதித்தால் நாம் எதை அளக்கிறோம்?

அதற்காக ஏ.சி.யின் வெப்பநிலையைக் கூட்டி வைக்கச் சொல்லவில்லை. அறையைச் சூடாக்கினால் வேலை செய்யும் ஆட்கள் தாங்கமாட்டார்கள். ஓடியாடும் நேரத்தில் எலிக்கும் அவ்வளவு சூடு வேண்டாம். கூடு கட்டிக்கொள்ளப் பொருள் கொடுத்தால் போதும், எலி தனக்கு வேண்டிய சூட்டைத் தானே அமைத்துக்கொள்ளும். நம் ஊர் அனிமல் ஹவுஸ்களில் பெரும்பாலும் நெல் உமியைத்தான் படுக்கையாகப் பரப்புகிறார்கள். சிறுநீரை உறிஞ்ச அது பரவாயில்லை. ஆனால் உமியை வைத்துக்கொண்டு எந்த எலியும் கூடு கட்ட முடியாது. இரண்டு டிஷ்யூ காகிதமோ, கிருமிநீக்கம் செய்த காகிதக் கீற்றுகளோ போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்து, பின்னி, கிண்ணம் போலச் சுவர் எழுப்பிவிடும். அடுத்த முறை போகும்போது கூண்டுக்குள் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டுவதற்குப் பொருள் கொடுத்தீர்களா என்று கேளுங்கள்.

இந்தக் கூட்டிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். 2006-இல் ராபர்ட் டீக்கன் என்ற ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் சுண்டெலிக் கூட்டுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் முறையை எழுதி வைத்தார். கொடுத்த பஞ்சுக்கட்டி தொடப்படாமல் அப்படியே கிடந்தால் ஒன்று. எலியின் உயரத்துக்கு மேலாகச் சுவர் எழும்பி, முழுக்கூடாக இருந்தால் ஐந்து. நேற்று ஐந்து வாங்கிய எலி இன்று இரண்டு வாங்கினால் ஏதோ சரியில்லை. இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு: புதிதாக ஒரு துண்டு டிஷ்யூவைக் கூண்டில் போட்டுவிட்டு பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். நலமாக இருக்கும் சுண்டெலி பெரும்பாலும் அதை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்திருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து வலியில் இருப்பது திரும்பிப் பார்க்காது. வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கும்போது நாம் போர்வையைக்கூட மடித்து வைப்பதில்லை அல்லவா, அதே கணக்குதான். உயிர் பிழைக்கத் தேவையான சாப்பாடும் தண்ணீரும் ஓரளவாவது நடக்கும். 'செய்தால் நல்லது' என்ற வகை வேலைகள்தான் முதலில் நின்றுபோகும். ஜூரிச்சில் 2010-இல் இதே எண்ணத்தை வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒரு குழாயில் தீவனத்தை நிரப்பிக் கூண்டில் வைத்தால் சுண்டெலி அதைத் தோண்டி வெளியே தள்ளும், காரணமே இல்லாமல், சுபாவத்தால். வயிற்றைக் கிழித்துத் தைத்த எலிகள் அந்த வேலையைத் தொடங்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டன.

சரி, மூலையில் சுருண்டு தூங்கிய எலிகளுக்கு வருவோம். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்? காலை பதினொன்று, பன்னிரண்டு இருக்கும். எலிக்கு அது நடு ராத்திரி. இரவில் நடமாடும் பிராணியைப் பகலில் பார்த்துவிட்டு 'அமைதியாக இருக்கிறது' என்று எழுதுவது, நம் வீட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு 'குடும்பம் மிகவும் அமைதியானது' என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்றது. நலமான எலியும் பகலில் சுருண்டு கிடக்கும், சாகக் கிடக்கும் எலியும் பகலில் சுருண்டு கிடக்கும். வித்தியாசம் விளக்கணைந்த பிறகுதான் தெரியும். எலிக் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் ஏறக்குறையத் தெரியாது. மங்கலான சிவப்பு விளக்கோடு இரவில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று குழுவில் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இன்னொரு சிக்கல், பார்க்கும் ஆளே. எலி, முயல் எல்லாம் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணிகள். நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் பருந்து அதைத்தான் தூக்கும். ஆகவே யாராவது எதிரே நின்றால் வலியை அடக்கிக்கொள்ளும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் பெரிய பேச்சானது. அறையில் ஆண் ஒருவர் இருந்தால் எலிகள் வலியைக் குறைவாகக் காட்டின. பெண் இருந்தால் அப்படி இல்லை. ஆளே வேண்டாம், ஓர் ஆண் முந்தின ராத்திரி போட்டிருந்த சட்டையை வைத்தாலே போதும், அதே விளைவு. ஆண் வாடையால் ஏற்படும் பதற்றம் வலியை அமுக்கிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். நான் வருடக்கணக்காக எலிகளுக்கு முன்னால் நின்று 'வலி அதிகமில்லை' என்று எழுதி வந்தவன். அதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து, முடிந்தவரை கேமரா வைத்துப் பதிவு செய்து பார்ப்பது, இல்லாவிட்டால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பார்ப்பது என்று மாற்றிக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்து வலியைச் சொல்ல முடியுமா என்றால், முடியும். இதுவும் மோகில் குழுவின் வேலைதான், 2010-இல் வந்தது: சுண்டெலி முகச்சுளிப்பு அளவுகோல். கண் இடுங்குவது, மூக்குத் தண்டு புடைப்பது, கன்னம் உப்புவது, காது பின்னால் போய் விலகுவது, மீசை முன்னாலோ பின்னாலோ விறைத்துக்கொள்வது என்று ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, ஓரளவு என்றால் 1, தெளிவாகத் தெரிந்தால் 2. சராசரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடமே பெரிய எலிக்கும் வந்தது. அதில் ஒரு வேடிக்கை: வலி வந்தால் சுண்டெலிக்கு மூக்கும் கன்னமும் புடைக்கும், பெரிய எலிக்குத் தட்டையாகிவிடும். ஒன்றுக்குப் பழகிய கண்ணோடு மற்றதைப் பார்த்தால் தலைகீழாக எழுதிவிடுவோம். இவற்றில் எளிதில் பிடிபடுவது கண் இடுங்குவது. நீங்களே அரை மணி நேரம் படங்களைப் பார்த்துப் பழகினால் போதும், பட்டம் எதுவும் வேண்டாம். எச்சரிக்கை ஒன்று உண்டு: தூக்கக் கலக்கத்தில் இருக்கும் எலியும் கண்ணை இடுக்கும், மயக்க மருந்து தெளிந்துகொண்டிருக்கும் எலியும் அப்படித்தான். விழித்திருக்கும்போது பார்க்க வேண்டும். நாள்பட்ட வலிக்கு இந்த அளவுகோல் அவ்வளவாக உதவாது. மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருப்பவர்கள் நாள் முழுக்கவா முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பெரிய எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிந்து காய்ந்திருப்பதைக் கண்டால் ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் நிறமி அது. நலமான எலி அதைத் துடைத்து ரோமத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். படிந்து கிடந்தால் ஒன்று அதிகம் சுரக்கிறது, அல்லது துடைக்கத் தெம்பில்லை. இரண்டுமே நல்ல சேதியில்லை. அதே மாதிரி ரோமம் சிலிர்த்து முள்ளு முள்ளாக நிற்பது, முதுகு வளைந்து கூன் போட்டிருப்பது, மற்ற எலிகளை விட்டு ஒதுங்கி இருப்பது. இந்த மூன்றையும் எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்கலாம்.

எடையைப் பற்றிக் கூட்டத்தில் நிறையப் பேசுவார்கள். "20 சதவீதம் எடை குறைந்தால் கருணைக்கொலை" என்று படிவத்தில் ஒரு வரி இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இதில் மூன்று ஓட்டைகள். வளரும் எலிக்கு எடை குறையவே வேண்டாம், கூடாமல் நின்றாலே மோசம். அதை அதன் பழைய எடையோடு ஒப்பிடாமல், சோதனைக்கு உட்படாத அதே வயது எலியோடு ஒப்பிட வேண்டும். அடுத்து, கட்டி வளரும் எலியிலும் வயிற்றில் நீர் கோத்த எலியிலும் உடம்பு கரையக் கரையத் தராசு ஒன்றும் காட்டாது, கட்டியும் நீரும் எடையை நிரப்பிவிடும். மூன்றாவது, காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் என்று நிறுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தராசோடு விரலும் வேண்டும். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் தடவிப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறை 1999-இலிருந்து இருக்கிறது. மூன்று என்றால் சரியான உடம்பு, இரண்டுக்கு வந்தால் கவலைப்பட வேண்டும், ஒன்று என்றால் எலும்பு விரலில் இடறும். மாட்டுச் சந்தையில் தரகர் விலா எலும்பைத் தடவிப் பார்ப்பதும் இதே வித்தைதான்.

இனி, எலியைத் தூக்கும் விதம். நம் ஊரில் எல்லோரும் வாலைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும், வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏறவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ தூக்கியவற்றையும் ஒப்பிட்டார்கள். வால் பிடி பழகிய எலிகள் மனிதக் கையைக் கண்டால் ஒதுங்கின, பதற்றச் சோதனைகளில் அதிகப் பயம் காட்டின. குழாயும் கையும் பழகியவை தாமாக வந்து மோந்து பார்த்தன. ஆகவே உங்களுக்கு ஒரு சுலபமான சோதனை: ஊழியரைக் கூண்டுக்குள் கையுறை போட்ட கையை ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எலிகள் பக்கத்தில் வருகின்றனவா, எதிர் மூலையில் ஒட்டிக்கொள்கின்றனவா? அந்த இடத்தில் எலிகளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதை எந்தப் பதிவேடும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பது, ஒரே மூலையில் நூறு தடவை குதிப்பது, மூடியில் வட்டம் போட்டுச் சுற்றுவது இவற்றையெல்லாம் ராத்திரியில் பார்ப்பீர்கள். பார்த்ததும் மனசு பதறும். ஆனால் இதை வைத்து உடனே தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்போதோ வெற்றுக் கூண்டில் வளர்ந்தபோது பிடித்த பழக்கம், இப்போது நல்ல கூண்டுக்கு மாற்றிய பிறகும் விடாமல் இருக்கலாம். அது பழைய தழும்பு. இன்னொன்று, அதே கூண்டில் எதையும் செய்யாமல் கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல் கிடக்கும் எலி, குதிக்கும் எலியைவிட மோசமான நிலையில் இருக்கலாம். சத்தம் போடுகிற பிள்ளையைவிட, பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றித்தானே நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருப்பீர்கள்?

'ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனை அளந்துவிட்டோம், எல்லாம் சாதாரணம்' என்று யாராவது வரைபடம் காட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். எலியைப் பிடித்ததிலிருந்து ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது? ஏறக்குறைய மூன்று நிமிடம் தாண்டினால், பிடித்ததால் வந்த பயமே அந்த எண்ணில் ஏறத் தொடங்கிவிடும். எந்த நேரத்தில் எடுத்தார்கள்? அந்த ஹார்மோன் எலிக்குச் சாயங்காலம் இயல்பாகவே ஏறும். போதாததற்கு, ஓடி விளையாடினாலும் இணை சேர்ந்தாலும்கூட அது ஏறும். எனக்கு அந்த எண் மேல் பெரிய நம்பிக்கை இல்லை. புழுக்கையில் வெளியேறும் மிச்சத்தை அளப்பது கொஞ்சம் மேல், எலியைத் தொட வேண்டியதில்லை.

உடம்பைத் தாண்டி மனநிலையை அளக்க முடியுமா? இதில் எனக்குப் பிடித்த சோதனை 2004-இல் பிரிஸ்டலில் செய்தது. ஒரு குறிப்பிட்ட ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்தினால் தீனி கிடைக்கும், வேறொரு ஒலி கேட்டால் அழுத்தாமல் இருந்தால்தான் பிடிக்காத இரைச்சலிலிருந்து தப்பிக்கலாம் என்று எலிகளைப் பழக்கினார்கள். அப்புறம் சில எலிகளை ஒழுங்கில்லாத வாழ்க்கையில் வைத்தார்கள், திடீரென்று கூண்டு சாயும், திடீரென்று படுக்கை ஈரமாகும் என்பது போல. பிறகு இரண்டுக்கும் நடுவிலான, எது என்று புரியாத ஒலியைக் கேட்க வைத்தார்கள். ஒழுங்கில்லாத வாழ்க்கை வாழ்ந்தவை, தீனி ஒலியை ஒட்டிய நடு ஒலிகளுக்கும் தயங்கின, குறைவாக அழுத்தின. நல்லது வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் போய்விட்டது. கெட்டது நடந்துகொண்டே இருக்கும் வீட்டில் போன் அடித்தாலே நெஞ்சு திக்கென்று இருக்குமே, அதுதான். இதைத் தினமும் அனிமல் ஹவுஸில் செய்ய முடியாது, வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆனால் எலிக்கு எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதை இது போலக் காட்டியது வேறில்லை.

மகிழ்ச்சியும் கணக்கில் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய எலிகள் விளையாடும்போதும், ஜாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் செய்தது போல மனிதர் கிச்சுகிச்சு மூட்டும்போதும் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை எழுப்பும். பயத்திலும் துன்பத்திலும் 22 கிலோஹெர்ட்ஸில் நீளமாகக் கத்தும். நம் காது 20-க்கு மேல் கேட்காது. நிசப்தமாகத் தோன்றும் அறையில் என்ன கூச்சல் நடக்கிறதோ!

இப்போது உங்கள் மேசைக்கு வரும் காகிதங்களைப் பற்றி. சோதனைக்கு அனுமதி கேட்கும் படிவம் பி வரும்போது, கூடவே விலங்கின் துன்பத்தை அளக்கும் மதிப்பெண் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் மார்ட்டன், கிரிஃபித்ஸ் என்ற இருவர் 1985-இல் வகுத்த முறை அது. எடை, தோற்றம், மூச்சு, இதயத் துடிப்பு போன்ற அறிகுறிகள், தானாக இருக்கும்போது நடத்தை, தொட்டால் காட்டும் எதிர்வினை என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எண் கூடக்கூட முதலில் அடிக்கடி பார்க்க வேண்டும், பிறகு வலி மருந்து, பிறகு சோதனையை நிறுத்த வேண்டும். நல்ல முறைதான், ஆனால் இதை எல்லாச் சோதனைக்கும் ஒரே அட்டையாக நகல் எடுத்து ஒட்டுகிறார்கள். சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிக்குப் பார்க்க வேண்டியது நனைந்த படுக்கையையும் அளவுக்கு மீறிய தாகத்தையும். மூட்டு வீக்க எலிக்குப் பார்க்க வேண்டியது நடையை. தண்ணீர்க் குழாயை எட்ட முடிகிறதா, தீவனத்தைத் தரையில் வைத்தார்களா என்பதை. கூட்டுத்தொகையும் ஏமாற்றும்: மற்ற எல்லாம் 0, மூச்சுத் திணறல் மட்டும் 3 என்றால் மொத்தம் 3 தான், 'லேசானது' என்ற கட்டத்தில் விழும். ஒரே ஒரு தலைப்பில் 3 வந்தாலே நிறுத்த வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள்.

வலி மருந்து பத்தியையும் விடாதீர்கள். 'அறுவைக்குப் பின் வலிநிவாரணி கொடுக்கப்படும்' என்று ஒரு வரி இருக்கும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு ஒரு தடவை, ராத்திரி இரண்டு மணி ஊசியை யார் போடுவார் என்று கேளுங்கள். அறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சோதனைகளைத் தடை செய்யவில்லை. ஆனால் அதன் 17-ஆவது பிரிவு, உரிய கவனத்தோடும் இரக்கத்தோடும் செய்ய வேண்டும், அறுவைக்கு மயக்க மருந்து வேண்டும், மீண்டால் கடும் துன்பப்படும் என்ற அளவுக்குக் காயப்பட்ட விலங்கை மயக்கத்திலேயே கொன்றுவிட வேண்டும் என்ற திசையில் அப்போதே பேசுகிறது. இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் நாட்டியத்துக்காக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே, வாரியமும் நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. அவரும் விஞ்ஞானி இல்லை. சோதனைகளைக் கண்காணிக்கும் குழு, உங்களை நியமித்த அதே அமைப்பு, இந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் பிறந்ததுதான். உங்களைப் போன்ற ஆளை விதி வேண்டுமென்றே குழுவில் வைத்திருக்கிறது, பழகிய கண்ணுக்குத் தெரியாததைக் கேட்பதற்காக.

இனி, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆனால் யாரும் தாமாகக் காட்டாதது: இறப்புப் பதிவேடு. அதில் இரண்டு வகைச் சாவு இருக்கும். துன்பம் முற்றுமுன் கண்டுபிடித்துக் கருணைக்கொலை செய்தது ஒன்று. காலையில் வந்து பார்த்தபோது செத்துக் கிடந்தது இன்னொன்று. இரண்டாவது வகை எத்தனை என்று எண்ணுங்கள். செத்துக் கிடந்த ஒவ்வொரு எலியும், சாவதற்கு முன் யாரும் பார்க்காத சில மணி நேரமோ ஒரு முழு ராத்திரியோ துன்பப்பட்டிருக்கும். பிறகு தேதிகளை வைத்துக் கிழமையைப் பாருங்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், பதிவேட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 'நார்மல்', 'நார்மல்' என்று திங்கள் காலை எழுதப்பட்டிருந்தன. செத்தவை எல்லாம் திங்கள் கணக்கில் இருந்தன. யாரையும் திட்டவில்லை. ஞாயிறு வரும் ஊழியருக்குப் பேருந்துக் காசும் மாற்று விடுப்பும் கொடுக்க ஏற்பாடு செய்தோம், திங்கள் சாவு குறைந்தது.

அந்த ஊழியர்களிடம் பேசுங்கள், தனியாக. தினமும் தண்ணீர் பாட்டில் மாற்றுபவருக்குத் தெரிவது எனக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது. என்னோடு இருந்த ஒருவர் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். கூண்டுத் தட்டை இழுக்கும் சத்தத்துக்கு எந்தக் கூண்டு எலி தலையைத் தூக்கவில்லை என்று சொல்லுவார். அவர் காட்டிய கூண்டை நான் சோதித்தால் பாதி நேரம் ஒன்றும் அகப்படாது. இரண்டு நாள் கழித்து அகப்படும். எந்த அட்டையிலும் அவர் சொன்னதை எழுத ஒரு கட்டம் இல்லை. 'ஊழியரின் கருத்து' என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள், செலவில்லாத வேலை.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. 'பளிச்சென்று இருந்தது' என்றீர்கள். ஆண் சுண்டெலிகள் வாடையால்தான் ஒன்றையொன்று அடையாளம் காணும். கூண்டை முழுக்கக் கழுவி மாற்றிய அன்று சண்டை அதிகமாகும், முதுகிலும் வால் அடியிலும் கடிக்காயம் பார்ப்பீர்கள். பழைய கூட்டுப் பொருளில் கொஞ்சத்தைப் புதுக் கூண்டுக்கு மாற்றினால் சண்டை குறைகிறது. சிறுநீர் ஊறிய பழைய படுக்கையை மாற்றினால் அந்தப் பலன் இல்லை. ஆக கொஞ்சம் அழுக்கான கூடு அங்கே நல்ல பராமரிப்பின் அடையாளமாகவே இருக்கலாம்.

மற்ற விலங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முயல் வலியில் பெரும்பாலும் கத்தாது, உறைந்து போய் உட்காரும், பல்லை நறநறக்கும். ஒரு நாள் புழுக்கை விழவில்லை என்றாலே அவசரம், அதன் குடல் நின்றால் உயிர் நிற்காது. கினிப் பன்றி கூட்டத்தோடு ஓடவில்லை என்றால் கவனிக்க வேண்டும். வரிக்குதிரை மீன் மேல் நீரில் வாயைப் பிளந்து நின்றாலோ, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொட்டி அடியில் கிடந்தாலோ முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

இதெல்லாம் விலங்கு அங்கே இருந்தாக வேண்டும் என்ற நிலையில். இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி அதற்கு முந்தியது, அதைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உட்பட நாட்டில் பல இடங்களில், ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, அந்த மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. செல்களில் வளர்த்த தடுப்பூசி வந்ததும் 2004-ஓடு ஆட்டு மூளை மருந்து நின்றது. ஆட்டுக்கும் நல்லது, கடிபட்டவர் வயிற்றுக்கும் நல்லது, மருந்தும் மேல். ரஸல், பர்ச் என்ற இருவர் 1959-இலேயே சொன்ன மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (விலங்கின் எண்ணிக்கையை), மேம்பாடு (அதன் துன்பத்தைக் குறைப்பது) என்ற மூன்றில் முதலாவது அது. இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான்.

அடுத்த முறை போகும்போது சில சின்ன விஷயங்கள். வாசனைப் பவுடர், சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகைப் பூவும் வேண்டாம், எலிக்கு அது நமக்கு ஒலிபெருக்கி போல. பூனை வளர்க்கிறீர்கள் என்றால் அதைத் தூக்கிய புடவையோடு போகாதீர்கள். சாயங்காலம் விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். உள்ளே போனதும் பத்து நிமிடம் ஒரு ஸ்டூலில் பேசாமல் உட்காருங்கள். குட்டி போட்டு இரண்டு மூன்று நாளே ஆன கூண்டுகளில் அட்டை தொங்கும், அவற்றைத் திறக்கச் சொல்லாதீர்கள், தாய் பதறினால் குட்டிகளைத் தின்றுவிடும். மற்றபடி எந்தக் கூண்டைத் திறப்பது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள், அவர்கள் நீட்டும் கூண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு.